வெள்ளி ஷூக்காரி

நாக்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு டெலிபோன் மணியின் விலை சைபர். எடுக்காமல் இருந்தால்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மணி அடித்தபோது நான் டெலிபோன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஒரு மணி அடித்து நின்றால் பாட்டுச் சானலில் புதுப் பாட்டு. இரண்டு என்றால் வெள்ளி ஷூக்காரி. மூன்று என்றால் மேடை நிகழ்ச்சி, பேண்டோடு. கையிலிருக்கும் இட்லியை அப்படியே போட்டுவிட்டு டிவிக்கு ஓடு என்று பொருள். பதிலுக்கு நான் நாக்பூருக்கு ஒரு மணி அடித்து வைப்பேன். 'பார்த்துவிட்டேன்' என்று அர்த்தம்.

ஷியாமளாவின் ஏற்பாடு அது. அவள் அப்பா விஸ்வநாதனுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். கல்கத்தாவில், டாலிகஞ்சில் எங்கள் எதிர் பிளாட்டில் ஆறு வருஷம் இருந்தார்கள். ஆறு வருஷமும் ஞாயிறு காலை அவர்கள் வீட்டு சோபாவில், டிவிக்கு எதிரே நாங்கள் இரண்டு பேர். அவளுக்குக் குரல் முக்கியம், எனக்கு டிரம்ஸ். பாட்டு முடிவதற்குள் சண்டை தொடங்கிவிடும். வெள்ளி ஷூ போட்டுக்கொண்டு லாரி மேல் ஏறி ஆடும் அந்தப் பாடகி விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது. இருவருக்கும் முழு விலை.

ஜூலையில் நாக்பூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

இரண்டாவது மணி.

வெள்ளி ஷூக்காரி! டிவியைப் பார்த்தேன். பார்த்து என்ன? அதில் கேபிள் இல்லை.

ஷியாமளா போன அடுத்த மாதமே கேபிள்காரன் நூறு ரூபாயை நூற்றிருபது ஆக்கினான். லேக் மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அப்பா நூற்றைந்தில் ஆரம்பித்தார். நூற்றேழரை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஏணியைச் சாத்தி வயரை வெட்டிவிட்டான்.

"விட்டுப் பிடிக்கணும்டா உத்தமா. ஒரே வாரத்துல வயரைத் தோள்ல போட்டுக்கிட்டு அவனே வருவான் பாரு."

இரண்டாயிரம் பிறந்து ஒரு வாரம் ஆகியும் அவன் வரவில்லை. ஜன்னலில் தொங்கும் மிச்ச வயரில் அம்மா கரித்துணி காயப்போடுகிறாள். ஆன்டெனாவில் வங்காள மொழியில் நெல் சாகுபடி நிகழ்ச்சிதான் வருகிறது. தெருமுனை சலூனில் கேபிள் உண்டு. ஒரே மாதத்தில் மூன்று முறை முடி வெட்டிக்கொண்டேன். மூன்று முறையும் கால்பந்து.

ஷியாமளாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மணி நின்றுவிடும். பார்க்காதவனுக்கு எதற்கு மணி?

ஆகவே உத்தமன் என்று பெயர் வாங்கிய நான் ஒவ்வொரு முறையும் ஒரு பொய் மணி அடித்துக்கொண்டிருந்தேன். மாதம் ஒரு இன்லேண்ட் கடிதம் வேறு. முதலில் அவள் யார் என்ன வாசித்தார், யாருடைய கிட்டார் எந்த நிறம் என்று மடிப்பு ஓரம் வரை எழுதுவாள். நான் 'பிரமாதம்' என்று மட்டும் எழுதுவேன். எந்தச் சரக்குக்கும் பொருந்தும் சொல், கடையில் கற்றது. கொஞ்ச நாளாக அவளும் விவரத்தை விட்டுவிட்டு 'பிரமாதம்' என்றே எழுதினாள். என் நடை அவளுக்கு ஒட்டிக்கொண்டது என்று பூரித்துப்போனேன்.

மூன்றாவது மணி. மேடை.

இனி நிற்க வேண்டும்.

நிற்கவில்லை. நான்காவது அடித்தது. நான்குக்கு எங்கள் ஏற்பாட்டில் அர்த்தமே கிடையாது.

ஐந்தாவதில் எடுத்தேன். எடுத்த நொடியில் நாக்பூரில் விஸ்வநாதன் மாமாவின் பில் ஓடத் தொடங்கியிருக்கும்.

"டேய் உத்தமா, பார்த்தியோ? நம்ம வெள்ளி ஷூக்காரி இன்னிக்கு என்ன கலர் போட்டுண்டு வந்தா, சொல்லு பார்ப்போம்!"

ஆறு மாதம் கழித்துக் கேட்கும் குரல். அதைக் கேட்டு நிற்க நேரமில்லை. கண்டுபிடித்துவிட்டாள், சோதிக்கிறாள். கேட்ட சரக்கு இல்லை என்று மட்டும் சொல்லாதே என்பது அப்பாவின் முதல் பாடம்.

"சிவப்பு," என்றேன். "தரை வரைக்கும். சும்மா ஜிகுஜிகுன்னு."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பேரம் முறிவதற்கு முன்னால் வரும் மௌனம் எனக்குத் தெரியும்.

"ஆமாண்டா," என்றாள். "சிவப்புதான். என்ன அழகு, இல்லே?"

குருட்டாம்போக்கில் எறிந்த கல். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சி முடிப்பதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா அலமு மாமியின் குரல் வந்தது.

"யாருடி போன்ல? டிவி ரிப்பேர்காரனா? தீபாவளிக்கு முன்னாடி தூக்கிண்டு போனான், பொங்கலே வரப்போறது. எப்போ தரானாம், கேளு!"

டக்கென்று ரிசீவர் வைக்கும் சத்தம்.

என்னுடையதைக் காதிலிருந்து எடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஜன்னலில் கரித்துணி ஆடிக்கொண்டிருந்தது.

பிறகு நாக்பூர் எண்ணைச் சுழற்றி, ஒரே ஒரு மணி அடித்து வைத்தேன்.

தீபாவளியிலிருந்து அவள் அழைத்தது இருபத்தேழு முறை. பார்த்துவிட்டேன் என்று நான் சொன்னதும் இருபத்தேழு முறை. இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தது, ஒரு சிவப்பு உடை.