சாணி மெழுகிய பாலம்

“கமிட்டி கேட்டா, பொய் மனு போட்டுட்டேன்னு சொல்லிடு. அவ்ளோதான். வேற ஒண்ணும் பேச வாணாம்,” என்றார் ஓவர்சியர் முனிரத்தினம். முனியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற அவள் தம்பி எல்லப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுவை அக்கா சொல்லச் சொல்ல எழுதியவன் அவன்தான்.

போன ஐப்பசியில் முனியம்மாளின் மகள் கனகாவுக்கு வலி எடுத்தபோது, காலனிக்கு முன்னால் ஏரி வாய்க்கால் இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலோடு தூக்கி அந்தக் கரை சேர்த்தார்கள். தார் ரோட்டுக்குப் போகிற களிமண் பாதையில் மாட்டுவண்டி சிக்கிக்கொண்டது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் குழந்தை வண்டியிலேயே பிறந்தது. அழவே இல்லை.

இப்போது கனகாவுக்கு மறுபடியும் ஏழு மாதம். இந்த முறையும் ஐப்பசிதான்.

சட்டசபையில் மனுக் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது, ஜனங்களே எழுதிப் போடலாம் என்று டீக்கடைப் பேப்பரில் படித்துவிட்டு வந்தான் எல்லப்பன். வாய்க்காலுக்குப் பாலம் இல்லை என்று மனு போனது. கமிட்டி முறைப்படி முனிரத்தினத்தின் ஆபீசிடம் விளக்கம் கேட்டது. ‘பாலம் நல்ல நிலையில் உள்ளது’ என்று ஆபீஸ் கூசாமல் பதில் எழுதியது. அவ்வளவு தூரத்திலிருந்து எவன் வந்து பார்க்கப் போகிறான் என்கிற தைரியம்.

நேரில் வந்து பார்க்கிறோம் என்று கமிட்டி சொன்னதும் ஆபீசுக்கு வந்தது பாருங்கள் ஒரு சுறுசுறுப்பு. பத்தே நாளில் லாரி லாரியாக ஜல்லியும் சிமெண்டும் இறங்கி, வாய்க்கால்மேல் பாலம் நின்றுவிட்டது. புதுசு என்று தெரியக் கூடாதே, அதற்காகக் கைப்பிடிச் சுவர் முழுக்கச் சாணியைக் கரைத்து அடிக்கச் சொன்னார் முனிரத்தினம். மனிதருக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

“சாமி, நான் உண்மைய சொல்லிட்டா உங்கள இங்கேர்ந்து மாத்திடுவாங்களா?” என்று கேட்டாள் முனியம்மாள்.

“மாத்தறதா? வேலையே பூடும்மா. புள்ளகுட்டிக்காரன் நானு.”

“ஐயையோ, அப்டி ஆவக் கூடாது சாமி,” என்றாள் அவள். உண்மையாகவே பதறிப்போய்த்தான் சொன்னாள். எல்லப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

கார்கள் வந்தன. மாலை, கலர் சோடா எல்லாம் முடிந்து கமிட்டித் தலைவர் பாலத்துக்கு வந்தார். கைப்பிடிச் சுவரில் விரலால் ஒரு தேய் தேய்த்தார். சாணி உதிர்ந்து, உள்ளேயிருந்து சிமெண்டு பளபளவென்று எட்டிப் பார்த்தது. முனிரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“பாலத்துக்கு யாராவது சாணி மெழுகுவாங்களாம்மா?”

“நான்தான் மெழுகினேன் சாமி. விருந்தாளி வந்தா வூட்ட மெழுகுவோம். நீங்க பாலத்தப் பாக்கத்தான வந்தீங்க.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

“நெசத்தச் சொல்லுங்க. பாலம் முன்னாடியே இருந்ததா?”

“இருந்திச்சி சாமி. ஓவர்சியர் ஐயா மேல ஒரு கோவம். பொய்யா மனு போட்டுட்டேன்.”

மனு போட்டவளே இப்படிச் சொன்ன பிறகு சிமெண்டு பளபளத்து என்ன? தலைவருக்கு வந்ததே கோபம். “சட்டசபைன்னா உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா? எத்தன பேரோட வேலையக் கெடுத்திருக்கீங்க. இனிமே உங்க பேர்ல மனு வந்தா நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்.” முனியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். காலனியே தலையைக் குனிந்துகொண்டது.

கார்கள் போனதும் முனிரத்தினம் மிச்சமிருந்த கலர் சோடாவில் இரண்டை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். போகும்போது முனியம்மாளைப் பார்த்து ஒரு கும்பிடு வேறு போட்டார்.

“உனுக்கு வெக்கமா இல்ல?” என்று எகிறினான் எல்லப்பன். “அந்தாளு உன்ன மெரட்டினா நீயும் பயந்துக்குவியா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னிக்கே அவன் சீட்டு கிழிஞ்சிருக்கும்.”

“கிழிஞ்சிருக்கும். அப்பால?”

“அப்பால இன்னா, வேற ஆளு வருவான்.”

“வருவான். வந்து குந்தி, ஆபீசப் புரிஞ்சிக்கறதுக்குள்ள தை பொறந்துடும். கனகாவுக்கு ஐப்பசிடா.”

அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினாள். தார் ரோடு வரைக்கும் அதே களிமண் பாதை, வண்டித் தடத்தோடு காய்ந்து கிடந்தது. நாலு தூறல் விழுந்தால் போதும்.

“பாலம் வந்துடுச்சி. வண்டி சிக்கினது அங்கதான, அது அப்டியேதான கீது? கமிட்டி வருதுன்னா பத்து நாள்ல கட்டி முடிக்கிற ஆளு இவரு. இவர வுட்டுட்டு இன்னொருத்தர எங்கடா போய்த் தேடறது?”

எல்லப்பனுக்கு விஷயம் ஏற ஒரு நிமிஷம் ஆனது. ஏறியதும் தலையைச் சொறிந்தான்.

“அது சரிக்கா. ஆனா இனிமே ரோட்டுக்கு மனு போட்டா கமிட்டி எப்டி வரும்? நீதான் பொய்க்காரின்னு ஊருக்கே தெரிஞ்சிபோச்சே.”

“அதான், இந்த வாட்டி உன் பேர்ல எழுது.”