ஆமை முதுகில் தேறிய நண்டு

குளத்துப் பள்ளியில் நேராக நடப்பதுதான் தேர்வு. நண்டுக்கு அது வரவில்லை. தலைமையாசிரியர் ஆமை இரக்கப்பட்டு, ஆண்டுதோறும் அதைத் தன் முதுகில் சுமந்து முடிவுக் கோட்டைக் கடந்து, தேர்ச்சி போட்டது.

பள்ளி முடித்தவர்கள் வயலைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விட வேண்டும். அந்த நாளும் வந்தது. வயலுக்கு மேலே பருந்து வட்டமிட்டது.

"ஐயா, நான் தனியாக ஒரு முழம்கூட நடந்ததில்லையே."

"சான்றிதழ் கொடுத்தாயிற்றேப்பா. இனி உன் பாடு."

"பக்கவாட்டில் ஓட வரும் என்று முதல் வகுப்பிலேயே சொன்னேன். ஒருநாளாவது பழகவிட்டீர்களா?"

"அது பாடத்திட்டத்தில் இல்லை."

பருந்து இறங்கியது. நண்டு சான்றிதழை வீசிவிட்டுப் பக்கவாட்டில் ஓடியது. பழகாத கால்கள் பின்னின. விழுந்தது, எழுந்தது, ஒரு காலைப் பருந்திடம் பறிகொடுத்து ஆற்றில் குதித்தது.

பிள்ளையைச் சேர்க்க வந்திருந்த தவளையிடம் ஆமை பெருமையாகச் சொன்னது: "பார்த்தீர்களா, எங்கள் பள்ளிப் பிள்ளை."