நாற்பது வந்தால் விடுப்பு

மனைவி பாக்கியத்தாய் இறந்த நான்காம் நாள், பேருந்து ஓட்டுநர் சங்கரபாண்டி பதினாறாம் நாள் காரியம் வரை விடுப்பு கேட்டுப் பணிமனைக்கு வந்தார். எழுத்தர் ஜெபமணி அவர் மணிக்கட்டில் துக்கமானியைக் கட்டிப் பார்த்தார்.

“பதினொண்ணுதான்ணே காட்டுது. நாப்பது வந்தாத்தான் லீவு.”

“அழுகையே வரலம்மா. அதுக்கு நான் என்ன செய்ய?”

“அத மிஷின்கிட்டதான் கேக்கணும். கட்டிக்கிட்டே வண்டிய எடுங்க. ஏறுச்சுன்னா லீவு தானா விழுந்துரும்.”

கோவில்பட்டி வண்டியை எடுத்தார். நண்பகலில், நிறுத்தமே இல்லாத இடத்தில், லாரி எடைமேடைக்கு எதிரே பேருந்து நின்றது. முன்கதவு திறந்தது. ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை.

“இங்க எதுக்குண்ணே நிப்பாட்டுனீங்க?” என்று முன்னால் வந்தார் நடத்துநர் அந்தோணி. கேட்ட பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. தினமும் மோர் பாட்டிலோடு பாக்கியத்தாய் நிற்கும் இடம் அது.

துக்கமானியில் எண் ஏறிக்கொண்டே போனது. நாற்பதைத் தாண்டியதும் அதில் பச்சை விளக்கு எரிந்தது; எண் எண்பத்திரண்டில் போய் நின்றது.

“லீவு கெடச்சிருச்சுண்ணே. எறங்குங்க, வேற டிரைவர வரச் சொல்றேன்.”

சங்கரபாண்டி திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு நிமிஷம் பொறுப்பா. அவ எப்பவும் லேட்டாத்தான் வருவா.”