வாயசைப்பு

"வாயை மட்டும் அசைக்கணுமா? ஏம்மா, நான் பாட்டுக்காரனா, இல்லை தொட்டியில கிடக்குற மீனா?"

ரஸ்ஸல் போட்ட சத்தத்தில் ஒப்பனைக்காரப் பெண் சீப்பைக் கீழே போட்டுவிட்டாள். அவருக்கு எழுபத்து மூன்று வயது. இடுப்பு எலும்பை மாற்றி வைத்து இரண்டு வருடமாகிறது. கோபத்துக்கு மட்டும் இன்னும் இருபத்தைந்துதான்.

எதிரே நின்ற ஹீத்தர்தான் இடைவேளை நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் முதல் பாதி முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வெளியே எழுபதாயிரம் பேர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார், நாலு வருஷம் முன்னாடி நீங்க கச்சேரியில பாடின பதிவு இருக்கு. அதையே ஓட விடறோம். உங்க மைக்கை ஆஃப் பண்ணிடுவோம். ஆனா நிஜமாப் பாடுற மாதிரியே நல்லா வாய் திறந்து பாடுங்க. கழுத்து நரம்பு புடைக்கலைன்னா கேமராவுல காட்டிக் கொடுத்துடும்."

"நரம்பு புடைக்கணுமா! இப்பவே புடைச்சிருக்கு, வந்து படம் எடுத்துக்கோ!"

நாற்பத்தாறு வருடமாக அவர் பின்னால் டிரம்ஸ் வாசிக்கும் டெல்பர்ட், மூலையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். "டேய், கத்தாதடா. ரத்தக் கொதிப்பு ஏறும்" என்றார்.

"நீ பேசாத. கிட்டாரும் டிரம்ஸும் டேப்புலதான் வரும்னாங்க. மேடையை உருட்டிட்டு வந்து வயர் சொருக ஆறு நிமிஷம்தான் இருக்காம். சரி, ஊர்ல எல்லாரும் பண்றதுதானேன்னு தலையாட்டினேன். இப்போ குரலும் டேப்பா? அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை? என் ஜாக்கெட்டை ஒரு கம்புல மாட்டி நிறுத்திட்டுப் போங்களேன்!"

"நேத்து ஒத்திகையில உங்க குரல் மூணு தடவை உடைஞ்சுது சார்" என்றாள் ஹீத்தர்.

ரஸ்ஸலின் முகம் சிவந்தது. அது உண்மை. நேற்று மட்டுமா? கோடையிலிருந்தே அப்படித்தான். சின்னச் சின்ன அரங்குகளில்கூட, முன்வரிசை முகங்களைப் பார்த்ததுமே தொண்டையை யாரோ பிடித்தாற்போல் இருந்தது. இன்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாடு முழுக்கப் பார்க்கும்போது சரியாகப் பாடிவிட்டால் தலை நிமிர்ந்து ஓய்வு பெறலாம் என்று அவர் நினைத்திருந்தார். அதிலும் மண்.

"உடைஞ்சா உடையட்டுமே! உடைஞ்ச குரலா இருந்தாலும் அது என் குரல். எங்க ஊர் டொலீடோவுல தெரு ஜனமே கோழி வறுவலோட டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கு. அவங்களை ஏமாத்தச் சொல்றியா? உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதா?"

ஹீத்தர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். நிகழ்ச்சி அமைப்பு தயாரிப்பாளர் விருப்பம் என்று அதில் இருந்தது. கீழே ரஸ்ஸலின் கையெழுத்தும் இருந்தது.

"ஒண்ணு மட்டும் செய்" என்றார் ரஸ்ஸல் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் காதுல மாட்டுற கருவியில அந்தப் பழைய குரல் வரக்கூடாது. வாத்தியம் மட்டும் போதும். அந்தக் கண்றாவியை நான் வேற கேக்கணுமா?"

"சரி சார்."

மேடை புல்தரையில் உருண்டு வந்து நின்றது. ரஸ்ஸல் காதுகளை இறுக அடைத்த கருவியோடு ஏறினார். மைக் செத்துக் கிடக்கிறது, யாருக்கும் ஒரு எழுத்துக்கூடக் கேட்காது. அந்த நினைப்பே அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. எரிச்சலில் அடிவயிற்றிலிருந்து குரலெடுத்தார். கத்தினார். ஏங்கினார். மூன்று தடவை உடைந்த அந்த மேல் சுரத்துக்குப் போய், வேண்டுமென்றே அங்கேயே நின்றார்.

கடைசிச் சரணத்தில் பொறுமை போய்விட்டது. கேட்கப் போவது யார்? காதல் வரியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தோன்றியதைப் பாடினார்:

"பொம்மை பாடுது, பொம்மை ஆடுது, போய்க் கோழி தின்னுங்கடா!"

முன்னால் புல்லில் நின்ற இளைஞர்கள் துள்ளிக் குதித்துச் சிரித்தார்கள். சொல்லிக் கொடுத்தபடி ஆடுகிறார்கள், அவர்களும் பொம்மைகள்தானே என்று நினைத்துக்கொண்டு, அதே வரியை இன்னும் மூன்று தடவை பாடித் தீர்த்தார்.

விளக்கு அணைந்தது. சுரங்க வழிக்குள் வந்ததும் காதுக் கருவியைப் பிடுங்கி ஹீத்தரின் கையில் திணித்தார்.

"இந்தா, உன் பொம்மலாட்டம் முடிஞ்சுது. இனிமே என் மூஞ்சியில முழிக்காத..."

பேச்சு பாதியில் நின்றது. அடைப்பு நீங்கிய காதில் வெளியிலிருந்து ஒரு பாட்டு வந்தது. எழுபதாயிரம் பேரும் சேர்ந்து பாடினார்கள்.

"பொம்மை பாடுது, பொம்மை ஆடுது, போய்க் கோழி தின்னுங்கடா!"

ரஸ்ஸல் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இது... இப்பத்தானே நான்... இவங்களுக்கு எப்படி..."

ஹீத்தர் கண்ணைத் துடைத்தபடி டெல்பர்ட்டைப் பார்த்தாள். டெல்பர்ட் நண்பனின் தோளில் கை போட்டார்.

"அந்தப் பொண்ணைத் திட்டாதடா. யாராவது கேக்குறாங்கன்னு தெரிஞ்சாலே உனக்குத் தொண்டை அடைச்சுக்குது. அதான், இப்படி ஒரு பொய்யைச் சொல்லும்மான்னு நான்தான் அவ கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன். டேப்புல இருந்தது கிட்டாரும் டிரம்ஸும் மட்டும்தான். உன் குரல் அதுல கிடையவே கிடையாது!"