வராத முக்கோணம்

“மிஸ், எனக்கு லைப்ரரி இன்ஸ்டோல் ஆகுதில்ல” என்றான் மஷூர்.

ரொஷேலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வெள்ளவத்தையில் ஒரு கணினி நிறுவனத்தில் கிராபிக்ஸ் பாடம் எடுப்பவள் அவள். திரையில் படம் வரைய உதவும் மென்பொருள் லைப்ரரி ஒன்றைப் போட்டு, அதைக்கொண்டு ஒரு முக்கோணம் வரைந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதைக் கொடுத்து மூன்று கிழமை. இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் முக்கோணம் வராதவர்கள் பரீட்சை எழுத முடியாது.

வேறு யாராவது கேட்டாலும் பரவாயில்லை. வகுப்பில் முதலாவதாக வருகிறவனே வந்து நிற்கிறான்.

“மூண்டு கிழமையா என்ன செய்தனீர்? இது கூடத் தெரியாட்டி வீட்டில இருந்திருக்கலாமே?”

வகுப்பே சிரித்தது. மஷூர் அசையவில்லை. எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய திரையில் போட்டுக் காட்டச் சொல்லி வேறு கேட்டான். வெட்கம் கெட்டவன் என்று நினைத்துக்கொண்டே அவனுடைய லெப்டொப்பை ப்ரொஜெக்டரில் இணைத்தாள்.

ஓடவிட்டதும் எரர். டிரைவர் மென்பொருளைப் பார்த்தாள், புதியதுதான். ஃபைல் இருக்கிற இடமும் சரி. ரொஷேலே கொஞ்சம் திணறித்தான் போனாள். அரை மணித்தியாலம் கழித்துப் பிடிபட்டது. மற்றதெல்லாம் 64 பிட், லைப்ரரி மட்டும் 32 பிட்; இரண்டும் ஒத்துப்போகாது. சரியானதை இறக்கிப் போட்டதும் முக்கோணம் வந்துவிட்டது.

பழையதை அழிக்கப்போன இடத்தில்தான் அது கண்ணில் பட்டது. அவன் செய்து முடித்த வேலை அங்கேயே கிடந்தது, முக்கோணத்தின் படத்தோடு. போன வியாழக்கிழமைத் திகதி.

எல்லாரும் வேலையைக் காட்டிவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்தாள். பணிப்பாளரிடம் சொல்லி இவனுடைய பரீட்சையை நிறுத்துவது என்று முடிவே கட்டிவிட்டாள்.

“உமக்குப் போன கிழமையே சரிவந்திட்டுது. வேணுமெண்டு பழுதாக்கிப்போட்டு வந்து என்னோட விளையாடுறீரோ?”

“இல்ல மிஸ். சாமினிக்குத்தான் வரல்ல. அவட எரர் என்னண்டு எனக்கும் விளங்கல்ல. அதான் அவட ஃபைலையே எடுத்து என்ட லெப்டொப்புல போட்டேன்.”

சாமினி கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிறவள். பின் வரிசையில் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவளும் ஒரு முக்கோணத்தைக் காட்டிவிட்டுப் போனது ரொஷேலுக்கு ஞாபகம் வந்தது.

“அதை அவ நேர வந்து என்னட்டக் கேட்டிருக்கலாமே?”

மஷூர் லெப்டொப்பை மூடினான்.

“நீங்க எல்லாருக்கும் முன்னுக்கு ஏசுவீங்க மிஸ். நான் தாங்குவேன். அவ நாளைக்கு வரமாட்டா.”