புறங்கை

ஸ்டேஷன் மேசைமேல் ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. கறுப்பாக, முழங்கை நீளத்தில்.

அவன் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான்.

பக்கத்தில் அவன் தம்பி செங்கோடன். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சிலும் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஊரே இவனை உருப்படாதவன் என்றது. அவனும் சொல்லியிருக்கிறான், தம்பி சோற்றில் கை வைத்த நேரத்தில்கூட.

இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார்.

மூடிக் கிடக்கும் இரும்பு மில். முகத்தில் துண்டு கட்டிய ஒரு ஆள் பித்தளை பேரிங்குகளைக் கழற்றி மூட்டை கட்டுகிறான். வாட்ச்மேன் ஓடி வந்து பிடிக்கிறார். ஒரு தள்ளு. மேடையிலிருந்து கீழே விழுகிறார்.

கிழவர் இப்போது பெரியாஸ்பத்திரியில், இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறார்.

தள்ளியது அவன்தான்.

மில் மூடிய பிறகு அவனுக்கு எந்த வேலையும் ஒட்டவில்லை. அடுப்பு எரிய வேண்டும் என்று போனான். ஒரு வயதான மனிதரை உடைத்துப்போட்டுவிட்டு வந்தான். அன்றிலிருந்து தூக்கமில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வருஷக்கணக்கில் உள்ளே. பெண்கள் இரண்டும் இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை.

படத்தில் தெரியும் மினி லாரி வீட்டு வண்டி. அண்ணனும் ஓட்டுவான், தம்பியும் ஓட்டுவான். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே தோள்.

"இங்கதான் விசயம் இருக்குது," என்று இன்ஸ்பெக்டர் படத்தை நிறுத்தினார்.

துண்டு கட்டிய ஆள் ஒரு இரும்பை எடுக்கப் போகிறான். தொடுவதற்கு முன் புறங்கையை அதன் அருகே கொண்டுபோகிறான். கொஞ்சம் பொறுக்கிறான். பிறகுதான் எடுக்கிறான்.

உலை அணைந்து எத்தனையோ காலமான மில்லில், செத்துக் குளிர்ந்த இரும்புக்கு.

மில்காரனைத் தவிர வேறு யாரும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்யமாட்டார்கள். சிவந்த இரும்பு ஆளை எட்டவே நிறுத்திவிடும். கறுத்த இரும்புதான் ஏமாற்றும். உள்ளே நெருப்பை வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும். உள்ளங்கை போனால் பிழைப்பு போயிற்று. அதனால் முதலில் புறங்கை. வீட்டில் காபி டம்ளருக்குக்கூட அவன் அப்படித்தான். மனைவி சிரிப்பாள்.

மில்லில் வேலை பார்த்தது யார் என்று கேட்டதற்கு இரண்டு பேருமே "நான்" என்றார்கள். தம்பி சொன்னது பொய். செங்கோடன் அந்த கேட்டைத் தாண்டியதில்லை. ஆனால் காண்ட்ராக்ட் கூலிகளுக்குப் பதிவு ஏது?

இன்ஸ்பெக்டர் மேசையைக் காட்டினார். "டீக்கடை அடுப்புல கெடந்தது. சுட்டாலும் சுடும், சுடாமலும் இருக்கும். ஒவ்வொருத்தரா எடுத்துக் குடுங்க. பழகுன கைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

அவன் தன் கையைப் பார்த்தான். அது அவன் பேச்சைக் கேட்காது. அவனுக்குத் தெரியும்.

எழுந்திருப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

டீ வாங்கப் போகிறவன்போலப் போனான். சட்டை நுனியைப் பிடிக்கவில்லை. விரலால் தொட்டுப் பார்க்கவில்லை. விரல்களை மடக்கி, புறங்கையை இரும்புக்கு மேலே பிடித்தான். கொஞ்சம் பொறுத்தான். எடுத்து நீட்டினான்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எழுதுங்க ஏட்டய்யா."

அவன் கண் தம்பியின் கையைவிட்டு நகரவில்லை.

இதை எங்கே கற்றான்? படத்தில் ஒரு தடவை பார்த்து வருகிற லாவகம் இல்லை இது. வீட்டில்தான். வேறெங்கே? திட்டு வாங்கிக்கொண்டே, தட்டைப் பார்த்துத் தின்னுகிறான் என்று நினைத்த நாளெல்லாம் இந்தப் பயல் அண்ணனின் கையைப் பார்த்திருக்கிறான். மடக்குவது, பொறுப்பது, எல்லாம். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்க்காது. இவனையா உருப்படாதவன் என்றோம்?

அப்போதுதான் அவன் கவனித்தான்.

தம்பி சூடு பார்த்தது வலது கையால்.

மில்லில் வலது கையால் யாரும் சூடு பார்க்கமாட்டார்கள். வெந்தால் இடது வேகட்டும், வேலைக்கு வலது மிஞ்ச வேண்டும். தம்பிக்கு அது எப்படித் தெரியும்? எதிரில் உட்கார்ந்து பார்த்தவன். கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கை மாறிவிட்டது.

அறையில் யாருக்கும் அது தெரியவில்லை. ஏட்டு பேனாவை உதறிக்கொண்டிருந்தார். தம்பி திரும்பி அவனைப் பார்த்தான். பேசாமல் போய்விடு என்ற பார்வை. வாசல் திறந்திருந்தது.

இப்படி ஒருவனை உள்ளே விட்டுவிட்டு அந்த வாசலைத் தாண்ட அவனால் முடியாது.

"சார், படத்த இன்னொருக்கா ஓட்டுங்க. எந்தக் கைன்னு பாருங்க."

இன்ஸ்பெக்டர் ஓட்டினார். பார்த்தார். இன்னொரு முறை ஓட்டினார். படத்தில் இடது கை. பிறகு அவன் பக்கம் நிமிர்ந்தார்.

"அட கிறுக்கா! கெடுத்துட்டியேடா!" என்று கத்தினான் தம்பி.

பிறந்ததிலிருந்து அண்ணனிடம் வாங்க போங்க என்பதைத் தவிர வேறு பேசியறியாதவன்.

யார் திட்டியும் அவனுக்கு இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அதை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், லாக்கப்புக்குப் போகிறவன் கழற்ற வேண்டிய அரைஞாண் கயிற்றை அவிழ்த்து ஏட்டிடம் கொடுத்தான்.