ஆஸியா உம்மா கை நீட்டவில்லை

"ஒரு ஊசி குத்துறதுக்கு இவ்வளவு யோசனையா, ஆஸியா?" என்றார் ஸெய்னுலாப்தீன்.

கண்டியில் ஒரு தனியார் மருத்துவ நிலையம். இரத்தம் எடுக்கும் அறைக்கு வெளியே, கணவருக்கும் மகளுக்கும் நடுவில் ஆஸியா உம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து இரண்டு தடவை அவள் பெயரைக் கூப்பிட்டாயிற்று.

மகள் பர்ஹானாவுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் பிள்ளை இல்லை. இந்த வயதுக்குக் கருமுட்டைகள் மிகவும் குறைவு என்ற டொக்டர், குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார். ஆஸியா உம்மாவின் தாய், பர்ஹானாவின் மூத்தும்மா, மார்புப் புற்றுநோயில்தான் மௌத்தானாள். அதைச் சொன்னதும் மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார்.

மார்பிலும், கருமுட்டை உருவாகும் சூலகத்திலும் புற்றுநோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிற ஒரு மாற்றம் பர்ஹானாவுக்கு இருந்தது. அது இருக்கும் சில பெண்களுக்கு முட்டைகளும் சீக்கிரம் தீர்ந்து போகலாமாம்.

"புள்ளைக்கான சிகிச்சையத் தள்ளிப் போடாதீங்க. வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணணும். உம்மாவையும் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க," என்றார் டொக்டர்.

அது நடந்து ஆறு மாதம். தலைவலி, விருந்தாளி, மழை என்று ஆஸியா உம்மா தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். இன்று ஸெய்னுலாப்தீன் பிலிமத்தலாவையில் கடையை மூடிவிட்டு, தானே அவளைக் கூட்டி வந்திருந்தார்.

"உன்ட உம்மாவுக்கு வந்தது இப்ப என்ட புள்ளைட வாழ்க்கைல வந்து நிக்குது. நீ கையைக்கூட நீட்ட மாட்டேங்கிறாய்."

"வாப்பா, விடுங்க," என்றாள் பர்ஹானா.

"எப்படி விடுறது? நான் தூக்கி வளர்த்த புள்ள நீ." அவர் குரல் உடைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தார். "லுஹர் தொழுதுட்டு வாறேன். அதுக்குள்ள குடுத்து முடிங்க."

அவர் படியிறங்கியதும் பர்ஹானா தாயின் கையைப் பிடித்தாள்.

"நான் உங்களக் குத்தம் சொல்லல்ல உம்மா. உங்களுக்கும் அது இருந்தா இப்பவே பாக்கணும். மூத்தும்மா மாதிரி உங்களையும் பறிகுடுக்க எனக்கு ஏலாது."

"எனக்கு அது இல்ல, மகள்."

"டெஸ்ட் பண்ணாம எப்படிச் சொல்றீங்க?"

ஆஸியா உம்மா படிக்கட்டை ஒரு முறை எட்டிப் பார்த்தாள்.

"பண்ணிட்டேன். தெல்தெனியவுக்கு மையத்து வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போறேண்டு சொன்னேனே, அண்டைக்குத் தனியா இங்க வந்துதான் ரத்தம் குடுத்தேன். முடிவு வந்தே மூணு மாசமாகுது. எனக்கு ஒண்டுமில்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று மூச்சு விட்ட பர்ஹானா தாயின் தோளில் சாய்ந்தாள். அடுத்த கணமே நிமிர்ந்தாள். "அப்ப எனக்கு எங்கால வந்தது?"

"ஆம்புளைகள்ட வழியாவும் வருமாம், டொக்டர் சொன்னார். வாப்பாட தங்கச்சிமாருக்கும் அவங்கட புள்ளைகளுக்கும் சொல்லத்தான் வேணும்," என்றாள் ஆஸியா உம்மா. "அவரு ஏசுறத நான் தாங்குவேன் மகள். உனக்கு இதக் குடுத்தது தான்தானெண்டு தெரிஞ்சா, அவரால தாங்க ஏலாது."